இராபர்ட் புரூஸ் ஃபூட்

இராபர்ட் புரூஸ் ஃபூட் (செப்டம்பர் 22, 1834 – டிசம்பர் 29, 1912) இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாக அடையாளம் கண்ட ஆங்கிலேய நிலவியலாளர் ஆவார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தந்தை எனப் போற்றப்படுகிறார்.

இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்த இவர், 1858 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் பணிபுரிந்தார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் தமிழ்ப்பணி ஆற்றிய பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார்.

பல்லாவரம் கைக்கோடரி

1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளைக்காகத் தோண்டப்பட்ட பள்ளம் ஒன்றில் செதுக்கப்பட்ட கல் ஒன்றை ஃபூட் கண்டெடுத்தார். பல்லாவரக் குன்றுகள் பின்னாளில் சார்னோக்கைட் எனப் பெயரிடப்பட்ட கருமையான கடும்பாறையால் ஆனவை. கருவியோ குவார்ட்சைட்டால் ஆனது. அடித்தால் கூரிய விளிம்புடன் உடையும் இக்கல், வடமேற்கே அல்லிக்குழி, சத்தியவேடு குன்றுகளில் கூழாங்கற்களாகச் செறிந்துள்ளது. அக்குன்றுகளை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில் அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் ஏராளமான கருவிகளைக் கண்டனர். நல்ல கல் கிடைத்த இடத்திலேயே ஆதிமனிதர் மீண்டும் மீண்டும் தங்கினர் எனலாம்.

சென்னையின் மேற்குப் பகுதி

பாலாற்றுக்கு வடக்கிலுள்ள நிலப்பரப்பின் நிலவியலை விவரிக்கும் ஃபூட்டின் ஆய்வேடு 1873 இல் வெளியானது. பூந்தமல்லியும் அதனை அடுத்த கரையான்சாவடியும் இப்பரப்பில் அடங்குவன. இங்கு தரை பெரும்பாலும் சமதளம். களிமண்ணும் வண்டலும் மிகுதி. நீர் எளிதில் கீழிறங்காத இத்தகைய நிலத்தில், தாழ்ந்த சரிவின் குறுக்கே மண்கரை எழுப்பினாலே ஏரி அமைந்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரி இதற்குச் சான்று. எனினும் கடும்பாறை வெகுதொலைவில் இல்லை. மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கருங்கல் வெட்டியெடுத்த குழிகளில் தேங்கிய நீர், 2017 வறட்சியின்போது சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராக வழங்கப்பட்டது.

பிற்காலம்

1891 இல் ஓய்வு பெற்றபின் ஃபூட் பரோடா, மைசூர் அரசுகளுக்காகப் பணியாற்றினார். ஏற்காட்டில் வாழ்ந்தார். இவர் திரட்டிய கருவிகளை 1904 இல் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. தாம் பணியில் சேர்ந்த அதே டிசம்பர் 29 ஆம் நாளில் கல்கத்தாவில் காலமானார்.

இவர் காலத்தில் இக்கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் அளக்க வழியில்லை. அத்திரம்பாக்கத்தின் மிகப்பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என, சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வு 2011 இல் அறிவித்தது.