லீ டி ஃபாரஸ்ட்

லீ டி ஃபாரஸ்ட் (ஆகஸ்ட் 26, 1873 – ஜூன் 30, 1961) ஓர் அமெரிக்கப் புத்தாக்குனரும் மின்பொறியாளரும் ஆவார். வால்வு எனப் பொதுவாக அறியப்படும் வெற்றிடக் குழல்களுள், மின்குறிகளைப் பெருக்கவல்ல மும்முனைக் குழலை முதன்முதலில் அமைத்தவர் இவரே. இவர் அதற்கு ஆடியோன் என்று பெயரிட்டார். வானொலி, தொலைதூரத் தொலைபேசி, பேசும்படம், தொலைக்காட்சி, முதல் தலைமுறைக் கணினிகள் ஆகிய அனைத்தும் இக்குழலின் வழிவந்தவை. எனினும் தாம் செய்த கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை இவர் பல ஆண்டுகள் தவறாகவே விளங்கிக் கொண்டிருந்தார். இவரது வாழ்வில் நேர்ந்த வழக்குகள் பலவற்றிற்கும் இத்தவறான விளக்கத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

இளமையும் கல்வியும்

டி ஃபாரஸ்ட் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கவுன்சில் பிளஃப்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஹென்றி ஸ்விஃப்ட் டி ஃபாரஸ்ட் ஒரு கிறித்தவப் போதகர். 1879 இல் தந்தை அலபாமா மாநிலத்தில் கருப்பின மக்களுக்காக நடத்தப்பட்ட டல்லடேகா கல்லூரியின் தலைவராகப் பொறுப்பேற்றதால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. கருப்பினத்தவர்க்குக் கல்வி புகட்ட வந்த குடும்பம் என்பதால் அவ்வூர் வெள்ளையர்கள் அவர்களை ஒதுக்கி வைத்தனர். தனிமையில் வளர்ந்த சிறுவன் நூலகத்திலும் இயந்திரங்களிலும் நாட்டம் கொண்டான்.

மகனும் தம்மைப் போலப் போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகன் அதற்கு இணங்கவில்லை. 1893 இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஷெஃபீல்ட் அறிவியல் பள்ளியில் சேர்ந்து, 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார். இணைகம்பிகளின் முனைகளில் ஹெர்ட்சு அலைகள் எதிரொலிப்பது பற்றியது அவரது ஆய்வேடு. கம்பியில்லாத் தந்தியோடு தொடர்புடைய ஆய்வுக்கு முனைவர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கர்களுள் இவரும் ஒருவர்.

கம்பியில்லாத் தந்தி

படிப்பு முடிந்ததும் சிக்காகோவில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்தார். 1900 இல் அங்குத் தம் அறையில் தீப்பொறிச் சுருளைக் கொண்டு சோதனை செய்தபோது, பொறி பறக்கும் ஒவ்வொரு முறையும் அறையில் எரிந்த வாயு விளக்கின் சுடர் மாறுவதைக் கண்டார். மின்காந்த அலைகள் சுடரைப் பாதிக்கின்றன என்று மகிழ்ந்தார். பின்னர் அது பொறியின் ஓசையால் நேர்ந்த மாற்றமே என்று தெரியவந்தது. ஆனால், சூடான வாயு மின்னலைகளை உணரும் என்ற எண்ணம் மட்டும் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை.

1902 இல் ஏபிரகாம் வைட் என்னும் பங்கு வணிகருடன் இணைந்து அமெரிக்கன் டி ஃபாரஸ்ட் கம்பியில்லாத் தந்தி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1904 இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அதன் கோபுரம் பெரிதும் பேசப்பட்டது. தந்தி அனுப்பியதைவிடப் பங்கு விற்பதிலேயே அந்நிறுவனம் அதிக ஊக்கம் காட்டியது எனலாம். 1906 இல் ரெஜினால்ட் ஃபெசன்டனின் காப்புரிமையை மீறியதாக வந்த தீர்ப்பையடுத்து டி ஃபாரஸ்ட் விலக நேர்ந்தது. அப்போது நிலுவையில் இருந்த சில காப்புரிமை விண்ணப்பங்கள் பயனற்றவை எனக் கருதப்பட்டு அவரிடமே விடப்பட்டன. ஆடியோன் அவற்றுள் அடங்கும்.

ஆடியோன்

இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் ஃபிளெமிங் 1904 இல் இருமுனை வால்வை உருவாக்கியிருந்தார். காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் ஒரு சூடான இழையும் ஒரு தகடும் இருந்தன. மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே பாயும் என்பதால் வானொலி அலைகளை உணர அது பயன்பட்டது. டி ஃபாரஸ்டின் முதல் ஆடியோனும் ஏறத்தாழ இதே அமைப்புடையதே. ஃபிளெமிங்கைப் பின்பற்றவில்லை என்றும், வாயுச்சுடர்ச் சோதனையிலிருந்தே அதற்கு வந்ததாகவும் அவர் இறுதிவரை வாதிட்டார்.

மெய்யான புதுமை அடுத்த படியில்தான் நிகழ்ந்தது. 1906 இறுதியில், இழைக்கும் தகட்டுக்கும் இடையே வளைத்து மடக்கிய ஒரு கம்பியை மூன்றாவது மின்வாயாக வைத்தார். இதுவே கிரிட் எனப்படும் வலைக்கம்பி. இதற்கான விண்ணப்பம் 1907 சனவரியில் அளிக்கப்பட்டு 1908 பிப்ரவரியில் காப்புரிமையாக வழங்கப்பட்டது.

மும்முனைக் குழலின் செயல்பாட்டை இவ்வாறு விளக்கலாம். சூடான இழை எதிர்மின்னிகளை உமிழ்கிறது. நேர்மின்னழுத்தம் உடைய தகடு அவற்றை ஈர்க்கிறது. வழியில் உள்ள வலைக்கம்பிக்கு எதிர்மின்னழுத்தம் தரப்பட்டால் எதிர்மின்னிகள் தடுக்கப்படும். வலை இழைக்கு மிக அருகில் இருப்பதால், அதன் மின்னழுத்தத்தில் ஏற்படும் சிறு மாற்றம் தகட்டு மின்னோட்டத்தில் பெரும் மாற்றத்தை உண்டாக்குகிறது. வாய்க்காலில் பாயும் பெருநீரைச் சிறு மடை கட்டுப்படுத்துவது போன்றது இது. இங்கு வாயுவுக்கு எந்த வேலையும் இல்லை. வாயு இருந்தால் அது தொல்லையே தரும். டி ஃபாரஸ்டோ, குமிழில் எஞ்சியிருக்கும் வாயுவே ஆடியோனை இயக்குகிறது என்று நம்பினார். அதனால் முழு வெற்றிடம் ஆக்காமல் ஓரளவு வாயுவை விட்டு வைத்தார்.

குமிழைத் தேர்ந்தெடுத்தல்

இந்நம்பிக்கையின் விளைவை அக்கால ஆர்வலர்கள் நேரடியாக அனுபவித்தனர். ஆடியோன் குமிழ்களை நியூயார்க்கில் சிறு மின்விளக்குகள் செய்துவந்த மெக்கேன்ட்லெஸ் என்பவரின் பட்டறை தயாரித்தது. எஞ்சிய வாயுவின் அளவு குமிழுக்குக் குமிழ் வேறுபட்டதால் எந்த இரண்டும் ஒன்றுபோல் இயங்கவில்லை. ஒன்று நன்கு உணரும். அதே நாளில் செய்த மற்றொன்று ஏறத்தாழ ஊமையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஏற்ற இழை மின்னோட்டத்தையும் தகட்டு மின்னழுத்தத்தையும் தனித்தனியே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தகட்டு மின்னழுத்தம் சற்று மிகுந்தால் குமிழினுள் நீலநிற ஒளி தோன்றும். அத்துடன் உணர்திறன் போய்விடும். மின்கலங்களின் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாக மாற்றும் குமிழ்த்திருகுகள் இதற்காகவே வைக்கப்பட்டன. இழை விரைவில் எரிந்து அறுந்துவிடும் என்பதால் பல குமிழ்களில் இரண்டு இழைகள் இருந்தன. ஒன்று அறுந்ததும் மற்றதை இணைத்துக் கொள்ளலாம். வால்வுகளை வாங்கி, மாற்றி மாற்றிப் பொருத்திக் கேட்டு, நல்லதைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கம் வால்வின் வயதை ஒத்தது என்றே கூறவேண்டும்.

பெருக்கி

1907 முதல் டி ஃபாரஸ்ட் கம்பியில்லாத் தொலைபேசியில் ஈடுபட்டார். 1908 இல் பாரிசின் ஈபெல் கோபுரத்திலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பினார். 1910 சனவரியில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெரா அரங்கிலிருந்து பாடகர் என்ரிக்கோ கரூசோவின் குரலை ஒலிபரப்பியது புகழ்பெற்றது. கேட்டவர்கள் சிலரே, கேட்டதும் தெளிவாக இல்லை. 1911 இல் அவரது நிறுவனம் நொடித்தது.

அதன்பின் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஃபெடரல் தந்தி நிறுவனத்தில் சம்பளத்திற்குச் சேர்ந்தார். அங்கு 1912 இல் சார்லஸ் லாக்வுட், ஹெர்பர்ட் வான் எட்டன் ஆகியோருடன் சேர்ந்து ஆடியோனை அலையுணரியாக அல்லாமல் பெருக்கியாகப் பயன்படுத்த முயன்றார். ஒரு குழலின் வெளியீட்டை அடுத்த குழலின் வலைக்கு ஊட்டி, அடுக்கடுக்காகப் பெருக்கலாம் என்பது இங்குதான் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தின் மீது நடந்த ஓர் ஈயின் காலடி ஓசை அங்குப் பெருக்கிக் கேட்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

1912 அக்டோபரில் இப்பெருக்கி ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தாரிடம் காட்டப்பட்டது. நெடுந்தொலைவில் தேய்ந்துபோகும் குரலை இடைவழியில் பெருக்கும் கருவியை அவர்கள் தேடிக் கொண்டிருந்தனர். ஆடியோன் மெல்லிய குரலை நன்கு பெருக்கியது. குரல் வலுத்ததும் நீல ஒளி தோன்றி ஒலி சிதைந்தது. அதைக் கவனித்த இயற்பியலாளர் ஹெரால்ட் ஆர்னால்ட், வாயுவை முற்றிலும் அகற்றுவதே தீர்வு என உணர்ந்தார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இர்விங் லாங்மியூரும் அதே முடிவுக்கு வந்தார். ஆகவே இன்று நாம் அறிந்த வால்வு டி ஃபாரஸ்டின் கருத்துப்படி செய்யப்பட்டதன்று; அவர் கருத்தை மறுத்துச் செய்யப்பட்டது. அவர் வைத்த வலைக்கம்பி மட்டும் மாறவில்லை.

1913 இல் தொலைபேசித் துறைக்கான உரிமை 50,000 டாலருக்கு விற்கப்பட்டது. உண்மையில் வாங்குபவர் யார் என்பதைத் தம்மிடம் மறைத்துவிட்டதாக அவர் பின்னாளில் குறைகூறினார். 1914 இல் 90,000 டாலருக்கும், 1917 இல் 250,000 டாலருக்கும் மேலும் உரிமைகள் கைமாறின. 1915 சனவரியில் நியூயார்க்கையும் சான்பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசித் தடம் இக்குழலின் துணையுடன் இயங்கியது.

வழக்குகள்

1912 இல், பங்குகளை விற்பதற்கு அஞ்சல் வழி மோசடி செய்ததாக டி ஃபாரஸ்டும் அவரது நிறுவன அலுவலர்களும் கைது செய்யப்பட்டனர். எந்தப் பயனும் அற்ற ஒரு விளக்கு என ஆடியோனை அரசுத் தரப்பு வருணித்தது. தொலைபேசி நிறுவனம் அதே விளக்கை விலைகொடுத்து வாங்கிய ஆண்டிலேயே இவ்விசாரணை நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1914 சனவரி 1 அன்று டி ஃபாரஸ்ட் விடுவிக்கப்பட்டார். உடன் குற்றஞ்சாட்டப்பட்ட சிலர் தண்டனை பெற்றனர்.

மார்க்கோனி நிறுவனம் தொடுத்த வழக்கில், ஆடியோன் ஃபிளெமிங்கின் காப்புரிமையை மீறுகிறது என 1916 இல் தீர்ப்பாயிற்று. மூன்றாவது மின்வாயோ டி ஃபாரஸ்டுக்கு உரியது. எனவே மற்றவர் ஒப்புதலின்றி இருவருமே மும்முனைக் குழல் செய்ய முடியாத விந்தையான நிலை ஏற்பட்டது. ஃபிளெமிங்கின் அமெரிக்கக் காப்புரிமை செல்லாது என 1943 இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் கூறியபோது இதனால் யாருக்கும் பயன் இருக்கவில்லை.

எட்வின் ஆம்ஸ்ட்ராங்குடன் நடந்த வழக்கே மிக நீண்டது. கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஆம்ஸ்ட்ராங், குழலின் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் வலைக்கே ஊட்டினால் பெருக்கம் பன்மடங்காகும் என 1912 இல் கண்டறிந்தார். ஆடியோன் எவ்வாறு இயங்குகிறது என்பதை அளந்து சரியாக விளக்கியவரும் அவரே. பாலோ ஆல்ட்டோவில் அதே ஆண்டில் பெருக்கி ஊளையிட்டதைக் குறித்த குறிப்பேட்டைக் காட்டி டி ஃபாரஸ்ட் முந்துரிமை கோரினார். 1934 இல் உச்சநீதிமன்றம் டி ஃபாரஸ்டுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பொறியாளர்களுள் பலர் இதனை ஏற்கவில்லை. ஆம்ஸ்ட்ராங் தமக்கு வழங்கப்பட்டிருந்த பதக்கத்தை வானொலிப் பொறியாளர் கழகத்திடம் திருப்பித் தர முன்வந்தபோது கழகம் வாங்க மறுத்துவிட்டது. ஊளையைக் கேட்டவர் ஒருவர், அதன் பொருளை அறிந்தவர் மற்றொருவர் என்பதே நடுநிலையான மதிப்பீடாகத் தோன்றுகிறது.

பிற்காலம்

திரைப்படத்தின் ஓரத்தில் ஒளிக்கோடுகளாக ஒலியைப் பதிக்கும் ஃபோனோஃபிலிம் முறையை, தியடோர் கேஸ் என்பவரின் உதவியுடன் உருவாக்கி 1923 ஏப்ரலில் நியூயார்க்கில் திரையிட்டார். பெரிய படப்பிடிப்பு நிறுவனங்கள் இதனை ஏற்கவில்லை. சில ஆண்டுகளில் ஒத்த முறைகளைக் கையாண்டு அவையே வெற்றி பெற்றன. 1960 இல் இப்பணிக்காக அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது வழங்கப்பட்டது. 1950 இல் தன்வரலாறு வெளியிட்டார். அதில் தம்மை வானொலியின் தந்தையாக அறிவித்துக் கொண்டது பலரை முகம் சுளிக்க வைத்தது.

நான்கு முறை மணம் புரிந்தார். இரண்டாம் மனைவி நோரா ஸ்டான்டன் பிளாட்ச் ஒரு குடிசார் பொறியாளர். பெண்கள் வாக்குரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டனின் பேத்தி. 1930 இல் மணந்த நடிகை மேரி மொஸ்கினி இறுதிவரை உடன் இருந்தார். 1961 இல் ஹாலிவுட்டில் டி ஃபாரஸ்ட் இறந்தபோது வங்கியில் இருந்தது சுமார் 1,250 டாலரே.

வீட்டுப் பெருக்கிகளில் மும்முனைக் குழல்

டிரான்சிஸ்டர் 1947 இல் கண்டுபிடிக்கப்பட்ட பின் வால்வு படிப்படியாக வழக்கொழிந்தாலும், இசைக் கருவிப் பெருக்கிகளிலும் சில வீட்டு ஒலிப் பெருக்கிகளிலும் இன்றும் நிலைத்துள்ளது. ருசியா, சுலோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளில் இவை தயாராகின்றன. தொலைபேசித் தொழிலுக்காக வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் உருவாக்கிய 300பி என்னும் மும்முனைக் குழல், இசை ஆர்வலர்களால் பெரிதும் விரும்பப்படுகிறது.

ஒரே அடித்தளம் கொண்ட குழல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாகா. 12ஏஎக்ஸ்7, 12ஏயூ7 இரண்டும் ஒரே ஒன்பது முள் அமைப்பும் ஒரே இழை மின்னழுத்தமும் உடைய இரட்டை மும்முனைக் குழல்கள். முன்னதன் பெருக்கக் காரணி 100. பின்னதற்கு ஏறத்தாழ 20. தகட்டு மின்னோட்டமும் வேறுபடும் என்பதால், மாற்றிப் பொருத்தினால் ஒலி குறைவது மட்டுமன்றிச் சுற்றின் இயங்குபுள்ளியும் நகர்ந்துவிடும். தோற்றத்தில் அவற்றை ஒத்த ஈசிசி88 இன் இழை 6.3 வோல்ட்டுக்கு மட்டும் உரியது. ஒன்பதாம் முள்ளின் இணைப்பும் வேறு. வெளியீட்டுக் குழல்களான 6எல்6, ஈஎல்34 ஆகியவற்றின் அடித்தளம் ஒன்றே எனினும், முன்னதன் இழைக்கு 0.9 ஆம்பியரும் பின்னதற்கு 1.5 ஆம்பியரும் தேவை. மின்மாற்றி அதைத் தாங்குமா என்று பார்க்காமல் மாற்றுவது தவறு.

வெளியீட்டுக் குழல்களை இணையாகப் பொருத்தும்போது ஒத்த மின்னோட்டம் உடையவற்றைத் தேர்ந்தெடுப்பதும், மாற்றியபின் வலையின் எதிர்மின்னழுத்தத்தை மீண்டும் சரிசெய்வதும் இன்றியமையாதவை. எதிர்மின்னழுத்தம் போதாவிடில் தகடு சிவக்கும். நல்ல குழலிலும் கண்ணாடிச் சுவரையொட்டி மெல்லிய நீலநிற ஒளி தெரிவதுண்டு; அதனால் கேடில்லை. மின்வாய்களுக்கு இடையே நிறையும் ஊதா ஒளி வாயு புகுந்ததைக் குறிக்கும். அக்குழலை உடனே அகற்ற வேண்டும். இத்தகைய பெருக்கிகளின் மின்தேக்கிகளில் 400 வோல்ட் அளவிலான மின்னூட்டம் இணைப்பைத் துண்டித்த பிறகும் எஞ்சியிருக்கும் என்பதால், அது வடியும்வரை உட்பகுதியைத் தொடலாகாது.