பாலையில் நீர் கண்ட மூஸா அல்அலமி

பைத்துல் முகத்தஸின் பெயர்பெற்ற குடும்பத்தில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர் மூஸா அல்அலமி. தந்தை அந்நகரின் மேயராக இருந்தவர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்த மூஸா, ஆங்கிலேயர் ஆட்சியில் அரசு வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

1948 நக்பா அவருடைய வீட்டையும் பறித்தது. அரீஹா எனும் ஜெரிக்கோவைச் சுற்றி அகதிகளின் கூடாரங்கள் நிறைந்தன. ரேஷன் மாவுக்கு வரிசையில் நிற்பவர் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க முடியாது. உழைத்து உண்ண நிலம் வேண்டும் என்று மூஸா கருதினார். அருகிலிருந்த உப்புப் படிந்த பாலைநிலத்தில் கிணறு தோண்டத் தொடங்கினார். அங்கே நீர் கிடைக்காது என்றனர் நிபுணர்கள். கைக்கருவிகளைக் கொண்டே மாதக்கணக்கில் தோண்டினார்கள். அல்லாஹ்வின் அருளால் நல்ல நீர் ஊறியது. தோட்டங்களும் வீடுகளும் எழுந்தன. யதீம் சிறுவர்கள் அங்கே தங்கிப் படித்து, தொழிலும் கற்றார்கள்.

1955இல் பாக்தாத் ஒப்பந்தத்துக்கு எதிரான கலவரத்தின்போது அந்தப் பண்ணை தீக்கிரையானது. தாக்கியவர்களில் அகதிகளும் இருந்தார்கள். இங்கேயே குடியமர்ந்துவிட்டால் சொந்த ஊர் திரும்பும் உரிமை போய்விடுமே என்ற அச்சம் அகதிகளிடையே ஆழமாக இருந்தது. மூஸா பண்ணையை மீண்டும் கட்டினார். 1967 போரில் நிலத்தின் பெரும்பகுதி பறிபோனது. எஞ்சியதில் பணியைத் தொடர்ந்தார்.

1984இல் அம்மானில் வஃபாத்தான அவர், பைத்துல் முகத்தஸிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

அகதிக்கு உதவுவோர் அவருடைய தேவையை மட்டுமல்ல, அச்சத்தையும் கேட்க வேண்டும் என்பதே இவ்வாழ்வு தரும் படிப்பினை. அல்லாஹ் அன்னாரின் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.