கப்பல் மூழ்கியது, கல்வி மூழ்கவில்லை!

அடகுக்கடை வாசல் நமக்குப் பழக்கமான வாசல்தான். கலியாணத்துக்கு அடகு, கருமாதிக்கு அடகு, கடன்காரன் வாயை அடைக்க அடகு! புத்தகம் வாங்குவதற்காக நகையை அடகு வைத்த வீட்டைக் கண்டதுண்டா, தோழர்களே?

பம்பாயில் இருந்தது அப்படி ஒரு வீடு. பரேல் பகுதியிலே, தொழிலாளர் குடியிருப்பிலே, ஒரே ஓர் அறை. அடுப்பும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே! பட்டாளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இராம்ஜி, மகன் கேட்ட புத்தகத்துக்குக் கையில் காசு இல்லையென்றால், மணமாகிச் சென்ற மகளிடம் போவார். நகையை வாங்குவார், அடகு வைப்பார், ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். அக்காள்மார் கழற்றித் தந்த நகைகளால் வளர்ந்த அந்த மகன்தான், 1891 ஏப்ரல் 14-இல் பிறந்த அம்பேத்கர்!

சாத்தாராவில் பள்ளி சென்றபோது, கோணித்துணியில் தனியே உட்கார வைத்தனர். பள்ளிச் சேவகன் ஊற்றினால் தண்ணீர், அவன் வராவிட்டால் தாகம். பம்பாயில் வடமொழி படிக்க விரும்பினார். தீண்டப்படாதவனுக்கு அது இல்லை என்றனர். பாரசீகம் படித்தார். பின்னர் வடமொழியையும் தாமே முயன்று கற்றார்.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பாராட்டுக் கூட்டத்தில், கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். அந்த ஒரு புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்வோம்.

1913-இல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் நியூயார்க் சென்றார். கொலம்பியா பல்கலைக்கழகத்திலே படிப்பு, பழைய புத்தகக் கடைகளிலே வேட்டை! வயிற்றைச் சுருக்கினார், புத்தகக் குவியலைப் பெருக்கினார். ஏறத்தாழ 2,000 பழைய புத்தகங்கள் அங்கே வாங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

அடுத்து இலண்டன். 1917-இல் உதவித்தொகை நின்றது, ஊர் திரும்பினார். அவர் ஒரு கப்பலில் வந்தார்; புத்தகங்களை ஏற்றிய பெட்டிகள் சால்செட் என்ற மற்றொரு கப்பலில் வந்தன. உலகப்போர் நடந்த காலம். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் குண்டு பாய்ந்தது. பட்டினி கிடந்து வாங்கியவை கடலடியில் கிடந்தன! நட்ட ஈடாக வந்தது 600 ரூபாய். அதில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சத்தில்தான் பரோடாவுக்கு வேலை பார்க்கப் போனார்.

போன இடத்திலே வரவேற்பு எப்படி? அலுவலகத்துச் சேவகர்கள் கோப்புகளைத் தூரநின்று எறிந்தனர். தங்கிய பார்சி விடுதியில் ஆளில்லை, வௌவால்களே துணை. சிறு விளக்கொளியில் புத்தகத்தில் மூழ்கித் தனிமையை மறந்தார். தடிகளோடு வந்த கூட்டம் அந்த இடத்தையும் பறித்தது. கொலம்பியா தந்த பட்டம், ஓர் இரவு தலைசாய்க்க இடம் தரவில்லை!

சலித்தாரா? இல்லை. 1920-இல் மீண்டும் இலண்டன், மீண்டும் பட்டினி, மீண்டும் புத்தகம்! 1923-இல் பாரிஸ்டராகவும் பொருளாதார ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவராகவும் வந்தார். 1930-களில் பம்பாய் தாதரில் இராஜகிருகம் என்ற வீட்டைக் கட்டினார். பலர் பிள்ளைகளுக்காக மாடி கட்டுவார்கள், அவர் புத்தகங்களுக்காகக் கட்டினார். ஓரறையில் நெருக்குண்டவர், ஏடுகளுக்கு அரண்மனை அளித்தார். அந்த ஏடுகளில் பெற்ற அறிவுதான் அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கியது. 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் தோற்றுவித்தார்.

1907-இல் பெற்ற அந்தப் பரிசு என்னவாயிற்று? 49 ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14-இல், நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அவர் பௌத்தம் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 6-இல் மறைந்தார். புத்தரைப்பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

ஒரு புத்தகம் வீட்டுக்குள் வந்தால் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? இந்த மாதக் கூலியில் ஒரு புத்தகம் வாங்குவோம். படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுப்போம். அவன் எதுவரை போவான் என்பதை யார் கண்டது!