காற்றுக்கு அணை கட்ட எண்ணிய அறிஞர்

ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையாரும் அறிவியலறிஞரே. நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் உயிரைக் குடிக்கும் நச்சுக் காற்றுகளை ஆராய்வது அவர் பணி. நம் கிந்தாவின் ஈயச் சுரங்கங்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் இருந்தவை. நிலக்கரிச் சுரங்கமோ இருண்ட குகை. 1960 வரை பத்து ஆராங்கில் நம்மவரும் அத்தகைய குகைகளில் உழைத்தனர்.

ஒருநாள் தந்தையார் சிறுவனைச் சுரங்கத்துள் அழைத்துச் சென்றார். தாழ்வான ஓரிடத்தில் அவனை எழுந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்து ஓர் உரையை ஒப்புவிக்கச் சொன்னார். சில வரிகளிலேயே மூச்சு வாங்கியது, கால்கள் தளர்ந்தன, சிறுவன் தரையில் வீழ்ந்தான். தரையிலோ நல்ல காற்று இருந்தது! மீத்தேன் வாயு காற்றினும் இலேசானது. ஆதலால் கூரையருகே தங்கும். அப்பாடத்தை ஹால்டேன் இறுதிவரை மறந்தாரல்லர். (நாம் எந்தப் பெற்றோருக்கும் இம்முறையைப் பரிந்துரைக்க மாட்டோம்!)

வளர்ந்தபின் அவரும் தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கினார். 1939-இல் தெத்திஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் மாண்டபோது, அழுத்த அறைக்குள் தாமே புகுந்து, காற்றழுத்தமும் கரியமில வாயுவும் மனிதனை என்ன செய்யும் என்று கண்டறிந்தார். அத்தகைய சோதனைகளில் அவர் முதுகெலும்பும் செவிப்பறையும் பழுதுற்றன.

இனி நீரகத்துக்கு வருவோம். 1923-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய சொற்பொழிவில், நிலக்கரியும் எண்ணெயும் ஒருநாள் தீர்ந்துபோகும் என எச்சரித்தார். அதற்கு மாற்றும் கூறினார். நம் பேராக் ஆற்றின் செண்டரோ அணை 1930 முதல் மின்சாரம் தருகின்றது. ஆற்று நீரைத் தேக்கலாம். காற்றை எவ்வாறு தேக்குவது? காற்று வீசும் நாளில் காற்றாலை மின்சாரத்தை நீரில் செலுத்தினால், நீர் இரு பங்கு நீரகமாகவும் ஒரு பங்கு உயிரகமாகவும் பிரியும். நீரகம் எனப்படும் ஹைட்ரஜனைக் குளிரவைத்துத் திரவமாக்கி நிலத்தடியில் சேமிக்கலாம். காற்றில்லாத நாளில் அதிலிருந்து மீண்டும் மின்சாரம் பெறலாம். எடைக்கு எடை பெட்ரோலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம், புகையில்லை, சாம்பலில்லை. இது நடைபெற நானூறு ஆண்டுகள் ஆகலாம் என்று அவர் கணித்தார்.

நூறாண்டு நிறைவதற்குள்ளேயே அப்பணி தொடங்கிவிட்டது. 2023-இல் இந்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்தை ஏற்றது. ஆயினும் உலகில் இன்று உண்டாகும் நீரகத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்துமே கிடைக்கின்றது. அப்பொழுது கரியமில வாயு பெருமளவில் வானிற் கலக்கின்றது. நீரைப் பிரித்துப் பெறும் தூய நீரகத்தின் விலையே தடை. மின்சாரமும் நீர்பகுக்கும் கருவியும் மலிவானாலன்றி அது ஏழை நாடுகளுக்கு எட்டாது.

1957-இல் ஹால்டேன் இந்தியா சென்று, கல்கத்தாவில் பணியாற்றி, இந்தியக் குடியுரிமையும் பெற்றார். இந்திய உடை உடுத்தார், புலாலை நீத்தார். 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் காலமானார். அவர் விரும்பியவாறே, அவரது உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அனுப்பப்பட்டது.