வக்கீல் வேலையை விட்டுட்டு புதுப்பாளையம் வந்த ராஜாஜி: கிராமத்துக்குள் ஒரு 'ஸ்டார்ட்-அப்' கதை

மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கம் இன்று போனால் விசைத்தறி சத்தம் காதில் விழும். ரோட்டோரம் போர்வெல் ரிக் வண்டிகள் நிற்கும். கடனோ உடனோ வாங்கி சொந்தமாக ஒரு தொழில் தொடங்கிவிட வேண்டும் என்பது இந்த ஊர்ப் பசங்களுக்குப் புதிய யோசனை இல்லை. ஆனால் 100 வருஷத்துக்கு முன்னால் இதே வட்டாரம் மழை பொய்த்தால் கூலியும் இல்லாமல் போகும் மானாவாரி பூமி. அங்கேதான் வந்து குடியேறினார் ராஜாஜி.

1878-ல் ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் நல்ல வருமானம் உள்ள வக்கீல், நகராட்சித் தலைவர். ஒத்துழையாமை இயக்கத்துக்காக கோர்ட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 1925 பிப்ரவரி 6-ல், ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர் கொடுத்த நிலத்தில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் தொடங்கியது. மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு குடிசையில் தங்கினார்.

ஆசிரமம் என்றதும் பஜனையும் தியானமும் நினைவுக்கு வரலாம். இது கிட்டத்தட்ட ஒரு கம்பெனி மாதிரி நடந்தது. பஞ்சை ஆசிரமம் கொடுக்கும். பெண்கள் வீட்டிலேயே ராட்டையில் நூற்று எடுத்து வருவார்கள். நூலை எடை போட்டு கையில் காசு. அந்த நூல் நெசவாளரிடம் போகும், துணி நகரத்துக் கதர்க் கடைக்குப் போகும். மூலப்பொருள், கணக்கு, மார்க்கெட் எல்லாமே ஆசிரமத்தின் தலைவலி. வறட்சிக் காலத்தில் அந்தச் சில அணாதான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைத்தது.

ஆனால் இதில் ஒரு குறையும் இருந்தது. நூற்றவர்கள் கடைசிவரை கூலிக்காரர்களாகத்தான் இருந்தார்கள், முதலாளி ஆகவில்லை. 1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கடன் கொடுத்தபோது, அவர்கள் சொந்த வியாபாரம் செய்யணும் என்பதுதான் கணக்கு. ராஜாஜியின் கணக்கு முதலில் பசியைத் தீர்ப்பது.

கையில் வந்த கூலி கள்ளுக்கடைக்குப் போவதையும் அவர் பார்த்தார். அதற்காகவே 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகை. துணை ஆசிரியர் கல்கி. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல்லும் அப்போது அதற்குள்தான். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. ஆமாம், ஜிஎஸ்டி-யின் தாத்தா!

சறுக்கியது 1953-ல். கிராமத்துப் பிள்ளைகளுக்கு தினமும் 3 மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் போட்டார். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. சவரத் தொழிலாளி மகன் சவரத்தையே கற்கணுமா என்ற கேள்விக்கு அவரிடம் சரியான பதில் இல்லை. குலக்கல்வி என்று பெயர் வைத்து பெரியாரும் திமுகவும் போராட, காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு கிளம்பியது. 1954 ஏப்ரலில் பதவி போனது. அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். தொழில் கற்றுக்கொடுப்பது வேறு, எந்தத் தொழில் என்பதை பிறப்பை வைத்து முடிவு செய்வது வேறு. புதுப்பாளையத்தில் சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒன்றாகத் தங்க வைத்தவர் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்பதுதான் புரியாத விஷயம்.

அதோடு ஓய்ந்துவிடவில்லை. 1959-ல், 80 வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். தொழில் தொடங்க எதற்கெடுத்தாலும் அரசாங்கத்திடம் அனுமதிக்காக நிற்க வேண்டிய நிலைமைக்கு 'பெர்மிட்-லைசென்ஸ் ராஜ்' என்று பெயர் வைத்ததே அவர்தான். அந்த லைசென்ஸ் முறையில் பெரும்பகுதி 1991-ல் போனது. அதைப் பார்க்க அவர் இல்லை; 1972 டிசம்பர் 25-ல் சென்னையில் காலமானார், வயது 94.

புதுப்பாளையம் ஆசிரமம் இப்போதும் இயங்குகிறது. கதரும் விற்கிறார்கள்.