பிழை என்று ஒதுக்கப்பட்ட ஆய்வுக்கு நோபல்: யார் இந்த நிகோலாய் செமியோனவ்?

ராத்திரி பகலா உழைச்சு ஒரு ஆய்வு முடிவை வெளியிடுறீங்க. துறையிலேயே பெரிய ஆள் ஒருவர், அளவெடுத்ததே தப்பு என்று சொல்லிவிடுகிறார். என்ன செய்வீங்க? பேசாமல் ஃபைலை மூடிவிடலாம். ரஷ்ய இயற்பிய வேதியியலாளர் நிகோலாய் செமியோனவ் மூடவில்லை.

1896-ல் சரதோவ் நகரில் பிறந்தவர். பெத்ரோகிராத் பல்கலைக்கழகத்தில் ஆப்ராம் யோஃபேயிடம் இயற்பியல் படித்து, புரட்சி வெடித்த 1917-ல் பட்டம் பெற்றார்.

அப்படி என்ன சோதனை?

1926-ல் அவரது லெனின்கிராட் ஆய்வகத்தில் யூலி காரித்தோன், ஜினைடா வால்டா என்ற இளைஞர்கள் பாஸ்பரஸ் ஆவியோடு ஆக்சிஜன் சேர்வதை ஆராய்ந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் எதுவுமே நடக்கவில்லை. எல்லையைத் தாண்டியதும் குபீரென்று ஒளிர்ந்தது. இதில் பங்கே எடுக்காத ஆர்கான் வாயுவைச் சேர்த்தாலும் பற்றிக்கொண்டது!

ஜெர்மனியின் மாக்ஸ் போடன்ஸ்டைன் இதை ஏற்கவில்லை. சாதாரண ஆள் இல்லை அவர். வேதியியலில் சங்கிலி வினை என்ற கருத்தையே 1913-ல் முன்வைத்தவர். காரித்தோனோ அதற்குள் கேம்பிரிட்ஜ் போய்விட்டார். செமியோனவே சோதனையை மறுபடி செய்தார். அதே முடிவுதான் வந்தது.

ஏன் இப்படி?

வாட்ஸ்அப் வதந்தியை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் மூணு பேருக்கு அனுப்ப, ஒவ்வொருத்தரும் இன்னும் மூணு பேருக்கு அனுப்புவாங்க. இங்கேயும் ஒரு துடிப்பான துகள் பல துகள்களை உருவாக்குகிறது. கலத்தின் சுவரில் மோதினால் மட்டும் அந்தத் துகளின் கதை முடியும். ஆர்கான் நெரிசலை உண்டாக்கி, துகள்கள் சுவரை அடைவதைத் தாமதப்படுத்துகிறது. அதற்குள் சங்கிலி பெருகிவிடும். இதுதான் கிளைக்கும் சங்கிலி வினை. போடன்ஸ்டைனும் பிறகு ஒப்புக்கொண்டார்.

1931-ல் வேதி இயற்பியல் நிறுவனத்தைத் தொடங்கிய செமியோனவ், 1956-ல் பிரிட்டனின் சிரில் ஹின்ஷெல்வுட்டுடன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். சோவியத் குடிமகன் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல் அது.

அப்புறம்?

தீ எப்படிப் பற்றுகிறது, வாயு எப்போது வெடிக்கிறது என்பதை இன்றும் இந்த வழியில்தான் கணக்கிடுகிறார்கள். அணுக்கரு வினையும் இதே போலத்தான் பெருகும். அந்தக் கணக்கைப் போட்ட காரித்தோன், பின்னாளில் சோவியத் அணுகுண்டு வடிவமைப்புக்குத் தலைமை ஏற்றார்.

செமியோனவ் 1986-ல், 90 வயதில் மறைந்தார். உங்க டேட்டா விசித்திரமா வந்தா உடனே அழிச்சிடாதீங்க. இன்னொரு முறை செஞ்சு பாருங்க.