பழனி சுப்பிரமணிய பிள்ளை: இடக்கையின் நாதம்

இசையரங்கிலே பாடுபவரின் முகமே முதலில் நம் கண்ணிற் படும். அவருக்கு அருகில் அமர்ந்து தாளத்தைத் தாங்குபவரின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் சிலரே. அத்தகைய ஒருவரின் வரலாற்றை நான் நாடிச் சென்றமைக்கு என்னுடைய இடக்கையே காரணம்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகைவண்டிப் பாதையில் அமைந்த வத்தேகம என் ஊர். கடைத்தெருவில் எந்தையார் சிறியதொரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையிலிருந்த வானொலிப் பெட்டி, மழையின் இரைச்சலுக்கும் தன் சொந்த இரைச்சலுக்கும் இடையே, திருச்சி நிலையத்தின் கச்சேரிகளை எங்களுக்குக் கொண்டுவந்து தரும். மிருதங்க ஒலி கேட்டதும் என் விரல்கள் கடைப் பலகையிலே தாமாக இயங்கத் தொடங்கும். அவற்றுள்ளும் இடக்கை விரல்களே முந்திக்கொள்ளும். பள்ளியிலே அந்தக் கைக்குப் பிரம்படி கிடைத்தது. மிருதங்கம் பயில்விக்கலாமென்று எந்தையார் என்னை ஒரு வித்துவானிடம் அழைத்துச் சென்றார். அவரோ என் கையைப் பார்த்த அளவிலே, இடக்கைக்காரனை எந்த மேடையும் ஏற்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போது எனக்கு வயது பத்து.

நாங்கள் வானொலியிற் கேட்டு மகிழ்ந்த மிருதங்கங்களுள் ஒன்று இடக்கைக்காரர் ஒருவருடையது என்பதை அன்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. வானொலியில் நாதம் கேட்குமேயன்றிக் கை தெரிவதில்லையே! அவரே பழனி சுப்பிரமணிய பிள்ளை.

1908ஆம் ஆண்டிற் பிறந்த அவர், தந்தையார் பழனி முத்தையா பிள்ளையின் வழியிலே வந்தவர். முத்தையா பிள்ளையோ, கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடந்தேடித் தந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் மாணாக்கர். கணக்கு நுட்பத்துக்குப் பெயர்போன அந்தப் புதுக்கோட்டை வழி, பிறப்பிலேயே மகனுக்கு வாய்த்தது. அதனோடு இடக்கை வழக்கமும் வாய்த்தது. அதுவே அவருக்குப் பெருந்தடையாயிற்று.

அத்தடையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். பாடகருக்கு வலப்புறம் மிருதங்கக்காரரும் இடப்புறம் பிடில்காரரும் அமர்வது மரபு. அப்படி அமர்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கியிருக்கும். இடக்கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை அவைக்குப் புறங்காட்டும். ஆகவே அவர் மறுபுறம் மாறியமர வேண்டும். அவருக்காகப் பிடில்காரரும் தம் இடத்தை விட்டுப் பெயர வேண்டும். இளைஞர் ஒருவருக்காக இடம்மாற எத்தனை பேர் இசைவார்கள்? வித்தை நிறைந்திருந்தும் மேடை வாய்க்காத நிலை அவருக்கு நேர்ந்தது.

அந்நிலையை மாற்றியவர் செம்பை வைத்தியநாத பாகவதர். பாலக்காடு மணி ஐயரை முன்னுக்குக் கொண்டுவந்த அப்பெருந்தகையே, சுப்பிரமணிய பிள்ளையையும் தம் கச்சேரிகளுக்கு அழைத்தார். பக்கவாத்தியத்தார் இடம்மாறி அமர வேண்டுமெனின், அவர் முன்னிலையில் அது மறுக்கவொண்ணாததாயிற்று. மேடை கிடைத்தபின் மற்றவற்றைப் பிள்ளையின் விரல்களே பார்த்துக்கொண்டன. இடந்தலையிலிருந்து அவர் எழுப்பிய கும்கி நாதத்தை இன்றும் ரசிகர்கள் வியந்து பேசுகின்றனர். மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, அவருக்குப் பக்கத்தில் கஞ்சிரா வாசிக்கவும் பிள்ளை தயங்கியதில்லை. ஒரே கருவியில் இருவரும் தலைசிறந்து விளங்கிய காலத்தில் இது சிறிய காரியமன்று.

அவருடைய வாழ்வில் 1958ஆம் ஆண்டு நடந்த ஒரு சந்திப்பு என் மனத்தை விட்டகலாதது. அமெரிக்க அரசின் ஆதரவிலே டேவ் புரூபெக் என்பவரின் ஜாஸ் குழு அவ்வாண்டு பல நாடுகளுக்குச் சென்றது. நம் இலங்கைக்கும் வந்தது. புரூபெக்கின் பியானோ, பால் டெஸ்மண்டின் சாக்சபோன், யூஜின் ரைட்டின் பாஸ், ஜோ மொரெல்லோவின் டிரம் ஆகிய நான்கே வாத்தியங்கள். எடுத்துக்கொண்ட மெட்டை முதலில் வாசித்துவிட்டு, பின் ஒருவர் ஒருவராகத் தம் கற்பனையை விரிப்பர். ஏனையோர் தாங்கி நிற்பர். நம் கச்சேரியின் கற்பனை ஸ்வரத்தையும் தனி ஆவர்த்தனத்தையும் அறிந்தவர்க்கு இது அந்நியமாகத் தோன்றாது. அந்தக் குழுவினர் சென்னையிலே சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்தனர். மொழி வேறு, முறை வேறு. ஆயினும் டிரம்மும் மிருதங்கமும் ஒன்றையொன்று விளங்கிக்கொண்டன.

மறு ஆண்டில் அக்குழு, டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ என்னும் ஐந்தெண்ணிக்கை உருப்படியை ஒலிப்பதிவு செய்து உலகப்புகழ் பெற்றது. அது சென்னையிற் பிறந்ததென்று நான் கூற வரவில்லை. கண்டசாப்பில் ஊறிய நம் செவிக்கு அது உறவினர் குரல்போல் கேட்கிறது என்பதே என் அனுபவம்.

அக்குழுவின் யூஜின் ரைட் கறுப்பினத்தவர். அவரை மேடையேற்ற மறுத்த காரணத்தால், 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகளில் ஏற்பாடாகியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட கச்சேரிகளைப் புரூபெக் கைவிட்டார். இதைப் படித்தபோது எனக்குச் செம்பையின் நினைவே வந்தது. நிறத்தால் நேர்ந்த கொடுமையும் கையால் நேர்ந்த தடையும் ஒன்றல்ல என்பதை அறிவேன். எனினும், மேடையின் நடுவே அமர்ந்தவர் ஒருவர் துணிந்தாலன்றிப் பக்கத்தில் இருப்பவருக்கு இடம் கிடைப்பதில்லை என்பது இரண்டிடத்தும் உண்மை.

பிள்ளை 1962இல் காலமானார். அவருடைய மாணாக்கர் தி. ரங்கநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். மற்றொரு மாணாக்கரான திருச்சி சங்கரன், பதின்மூன்றாம் வயதில் ஆசிரியருடனேயே மேடையேறியவர். 1971இல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ஜாஸ் கலைஞர்களோடும் சேர்ந்து வாசித்தார். இடம் தர மறுக்கப்பட்ட கையின் பாடம் இவ்வாறு கடல் கடந்தது.

நான் மிருதங்கம் கற்கவில்லை. இவ்வரலாற்றை அறிந்தபோது எனக்குக் கற்கும் வயது கடந்துவிட்டது. ஆசிரியத் தொழிலே எனக்கு வாய்த்தது. முப்பதாண்டுக் காலத்தில் இடக்கையால் எழுதிய பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருந்தனர். அவர்கள் வாங்கின் இடக்கோடியில் அமர்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது. ஆண்டின் முதல் நாளன்று அந்த இடத்தை அவர்களுக்கு ஒதுக்கிய பின்னரே நான் பாடத்தைத் தொடங்குவேன்.